நன்கொடை கொடுத்த போன் கம்பெனி கையெழுத்தும் கேட்டால்?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், மாநிலம், நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் தன் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சங்கம் 501 சி 3 பிரிவில் வரிவிலக்கு பெற்றது. வருடச் செலவு சுமார் 80,000 டாலர். போன பொங்கல் விழாவுக்கு அந்தப் பகுதியின் பெரிய தொலைபேசி நிறுவனம் 5,000 டாலர் நன்கொடை கொடுத்தது. அதை வாங்கித் தந்தவர் சங்கத்தின் துணைத் தலைவர். அவர் அந்த நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறார்.

இப்போது அந்த மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறது. இன்றைய சட்டப்படி, தொலைபேசி நிறுவனம் கேபிள் டிவி சேவை தரவேண்டுமானால் ஒவ்வொரு ஊர் நிர்வாகத்திடமும் தனியாகப் பேசி உரிமம் வாங்க வேண்டும். மசோதா நிறைவேறினால் மாநிலம் முழுவதற்கும் ஒரே உரிமம் போதும். மசோதாவை ஆதரித்துச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதமும், சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சலும் அனுப்பும்படி துணைத் தலைவர் கேட்கிறார். வாசகமும் தயாராக வந்துவிட்டது. செயலாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“அண்ணன் கெட்டவர் இல்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். ஆனால் இது லஞ்சம் மாதிரி எனக்கு உறுத்துகிறது. சங்கத்தின் வரிவிலக்கு போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. போட்டி வந்தால் பில் குறையும் என்கிறார் அண்ணன். அப்படியானால் இந்தப் பழைய சட்டம் எதற்கு? எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளின் நிகழ்ச்சி மாதம் ஒருமுறை ஊரின் சமூக சேனலில் வருகிறது. மசோதாவால் அது நின்றுவிடும் என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? நான் கிரீன் கார்டு, என் கணவர் எச்1பி. நாங்கள் கையெழுத்துப் போடலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உடனே தெரியவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமிட்டி கூடித் தீர்மானம் போடாமல் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நன்கொடை வாங்கியதால் சங்கத்துக்கு எந்தக் கடமையும் வந்துவிடவில்லை. அந்த மசோதாவை ஆதரிக்கவும் எதிர்க்கவும் சங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் வாசகத்தை அப்படியே அனுப்பக் கூடாது. இரண்டு வரிகள் ஆபத்தானவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லாபி செய்வது லஞ்சமா?

இல்லை. தங்களுக்குச் சாதகமான சட்டம் வேண்டும் என்று அரசிடம் கேட்பதைத்தான் லாபி என்கிறார்கள். அது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தரும் உரிமை. தனி மனிதருக்கு மட்டும் இல்லை, நிறுவனங்களுக்கும் அது உண்டு. 1961ல் லாரிக்காரர்களின் தொழிலைக் கெடுக்க ரயில் கம்பெனிகள் சேர்ந்து பிரசாரம் செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போட்டியாளரை ஒழிப்பதே நோக்கமாக இருந்தாலும், சட்டம் இயற்றுங்கள் என்று அரசிடம் கேட்டதற்காக ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்க முடியாது.

கோடு எங்கே தாண்டப்படுகிறது என்பதற்கும் தொலைபேசித் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் பழைய லேண்ட்லைன் சேவையை எல்லோருக்கும் தந்தே ஆகவேண்டும் என்ற கடமையிலிருந்து ஏடி அண்ட் டி விடுபட விரும்பியது. 2017ல் அதற்கான சட்டம் நிறைவேறியது. அந்தச் சமயத்தில் அப்போதைய சபாநாயகருக்கு நெருக்கமான ஒருவருக்கு, வேலை எதுவும் வாங்காமலே, ஒரு லாபி நிறுவனம் வழியாக 22,500 டாலர் போய்ச் சேர ஏற்பாடு செய்ததை அந்த மாநிலத்து ஏடி அண்ட் டி நிறுவனம் 2022ல் மத்திய அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டு, 2.3 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதிகாரத்தில் இருப்பவரின் மனத்தை மாற்ற அவருடைய ஆளுக்குப் பணம் கொடுப்பது குற்றம்.

உங்கள் சங்கத்தின் விஷயம் அந்த ரகம் இல்லை. நீங்கள் யாரும் அரசுப் பதவியில் இல்லை. பொங்கல் விழாவுக்கு வந்த பணம் பொங்கல் விழாவுக்கே செலவாகியிருக்கிறது. ஆனாலும் உங்கள் உறுத்தல் நியாயமானது. சட்டத்தை மீறாமலேயே ஒரு அமைப்பின் பெயர் கெட்டுப்போகலாம். 2011ல் டி-மொபைல் என்ற செல்போன் நிறுவனத்தை வாங்க ஏடி அண்ட் டி முயன்றபோது, ஏடி அண்ட் டியிடம் நன்கொடை பெற்றிருந்த பல சமூக அமைப்புகள் அந்த நிறுவன இணைப்பை ஆதரித்து மத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்குக் கடிதம் எழுதின. ஊடகங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் உரிமைக்காகப் பேசும் கிளாட் அமைப்பும் அதில் ஒன்று. ‘இதற்கும் உங்கள் வேலைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அதன் ஆதரவாளர்களே கேட்டார்கள். அமைப்பின் தலைவர் பதவி விலக வேண்டி வந்தது. உங்கள் உறுப்பினர்களும் அதே கேள்வியைக் கேட்பார்கள். பதில் கையில் இல்லாமல் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

இந்தப் பழைய சட்டங்கள் எதற்கு வந்தன?

நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். தொலைபேசி நிறுவனம் இந்தத் தொழிலுக்குள் வரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தால், யாரோ போட்டிக்குப் பயந்து போட்ட சட்டம் என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அது உண்மைதான். ஆனால் அமெரிக்கத் தொலைபேசி வரலாற்றில் பெரும்பாலான தடைகளுக்குக் காரணம் வேறு. வீட்டுக்கு வரும் கம்பி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தக் கம்பியை நம்பித் தொழில் செய்யும் மற்றவர்களை அந்த நிறுவனம் நினைத்தால் நெரிக்கலாம். போன் பில்லில் வரும் பணத்தைப் போட்டு இன்னொரு தொழிலில் நஷ்ட விலைக்கு விற்கலாம். இந்த இரண்டையும் தடுக்கத்தான் வேலி போட்டார்கள்.

1956ல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில், ஏடி அண்ட் டி தொலைத்தொடர்புத் தொழிலைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. அதன் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு மலிவாகக் கொடுத்ததற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். அப்புறம் 1974ல் அரசு மறுபடி வழக்குப் போட்டு, 1982ல் உடன்பாடு வந்து, 1984 ஜனவரி 1 அன்று அந்தப் பெரிய நிறுவனம் உடைந்தது. உள்ளூர் சேவை ஏழு வட்டார நிறுவனங்களுக்குப் போனது. அவை தொலைதூர அழைப்பு, கருவி உற்பத்தி, தகவல் சேவை ஆகிய மூன்றிலும் நுழையக் கூடாது. வழக்கை நடத்திய நீதிபதி ஹெரால்டு கிரீன் பல வருடங்கள் இந்த நிபந்தனைகளைக் கண்காணித்தார். அதே 1984ல் வந்த கேபிள் சட்டம், தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பகுதியில் கேபிள் டிவி நடத்தவும் தடை போட்டது.

அன்றிலிருந்தே அந்த ஏழு நிறுவனங்களும் தடைகளை எடுக்கச் சொல்லி நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் விடாமல் முயன்றன. எதிர்த்தவர்களும் சுயநலம் இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. தகவல் சேவைத் தடை நீடிக்க வேண்டும் என்று பத்திரிகை முதலாளிகள் போராடினார்கள். வரி விளம்பர வருமானம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. 1991ல் அந்தத் தடை விலகியது. கேபிள் தடையை, அந்த ஏழில் ஒன்றான பெல் அட்லாண்டிக் நிறுவனம் பேச்சுரிமையை மீறுவதாகச் சொல்லி வழக்காடி, 1993லும் 1994லும் நீதிமன்றங்களில் ஜெயித்தது.

1996ன் தொலைத்தொடர்புச் சட்டம் கேபிள் தடையை நீக்கியது. தொலைதூர அழைப்புக்கு மட்டும் ஒரு பேரம் பேசியது. ‘உன் உள்ளூர்க் கம்பிகளைப் போட்டியாளர்களுக்கு நியாயமாகத் திறந்துவிடு. 14 நிபந்தனைகளை நிறைவேற்றிக் காட்டு. பிறகு நுழையலாம்’ என்பதுதான் அதன் 271வது பிரிவு. நிறுவனங்கள் அந்தச் சட்டத்தை வரவேற்றன. ஆனால் நிபந்தனை மட்டும் கசந்தது. அந்த ஏழில் இன்னொன்றான எஸ்பிசி, எங்களைப் பெயர் சொல்லித் தண்டிக்கிறார்கள் என்று வழக்குப் போட்டது. 1997 டிசம்பர் 31 அன்று டெக்சாஸ் நீதிபதி ஒருவர் அதை ஏற்றார். மறு வருடமே மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. நியூயார்க்கில் பெல் அட்லாண்டிக் நிபந்தனைகளை நிறைவேற்றி முதல் அனுமதி வாங்கியது 1999 டிசம்பரில். கடைசி மாநிலமான அரிசோனாவுக்கு 2003 டிசம்பர் வரை ஆனது.

இதற்கு நடுவில், இணையத் தரவை வட்டாரம் தாண்டிக் கொண்டுபோக அந்த நிபந்தனைகள் வேண்டாம் என்று டாசின்-டிங்கல் மசோதா வந்தது. 2002 பிப்ரவரியில் கீழவையில் 273க்கு 157 என்று ஜெயித்தது. செனட்டில் நின்றுபோனது.

நுழைவு அனுமதிக்காகக் காத்திருந்தவரை நிறுவனங்கள் தங்கள் கம்பியைத் திறந்துவிட்டன. எல்லா மாநிலத்திலும் அனுமதி கிடைத்து ஒன்றிரண்டு வருடத்துக்குள், 2004லும் 2005லும், வழக்கும் புதிய விதிகளும் சேர்ந்து போட்டியாளர்களுக்கு அந்தக் கம்பிகள் மலிவாகக் கிடைத்த வழியை அடைத்துவிட்டன. 2005ல் எஸ்பிசி தன் பழைய தாயான ஏடி அண்ட் டியையே வாங்கி, அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. நிபந்தனை போட வேண்டியது அனுமதிக்கு முன்னால்தான். பின்னால் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அதனால்தான் நுழைய விடலாமா வேண்டாமா என்பதோடு நிற்காமல், எந்தக் கடமையோடு நுழைகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் மாநில மசோதாவில் என்ன பார்க்க வேண்டும்?

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கம்பிவழிப் போட்டியாளர் இருந்த இடங்களில் கேபிள் கட்டணம் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்ததாக, நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003ல் கணக்கிட்டுச் சொன்னது. ஊர் ஊராகப் பேச்சுவார்த்தை நடத்துவது இழுவையான வேலை என்பதும் பொய்யில்லை. சில ஊர்கள் உரிமத்துக்கும் டிவிக்கும் சம்பந்தமே இல்லாததையெல்லாம் கேட்டதாக நிறுவனங்கள் புகார் சொன்னன. எஃப்சிசி 2006 டிசம்பரில் தலையிட்டு, ஏற்கெனவே தெருவில் கம்பி வைத்திருக்கும் நிறுவனத்தின் விண்ணப்பத்துக்கு 90 நாளில் பதில் சொல்லவேண்டும் என்று விதித்தது. 2005ல் டெக்சாஸும் 2006ல் கலிபோர்னியாவும் மாநில அளவில் உரிமம் தரும் முறைக்கு மாறின. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எனவே உங்கள் மசோதா விபரீதமான யோசனை இல்லை. சரி, அதற்குள் இருக்கும் உட்பிரிவுகளைப் பார்ப்போம்.

ஊர் முழுவதும் கம்பி போகுமா? ஊர் தரும் உரிமத்தில் எல்லாத் தெருவுக்கும் சேவை தரவேண்டும் என்று எழுத முடியும். நியூயார்க் நகரம் 2008ல் வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமத்தில், 2014 நடுவுக்குள் எல்லா வீட்டுக்கும் பைபர் சேவை எட்டவேண்டும் என்று இருந்தது. எட்டவில்லை என்று நகரம் 2017ல் வழக்குப் போட்டது. 2020ல் சமரசமாகி, இன்னும் 5,00,000 வீடுகளுக்குக் கொண்டுபோக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் நகரம் எதை வைத்து வழக்காடியிருக்கும்? மாநில உரிமத்திலும் இதற்கு வழி உண்டு. பெரிய தொலைபேசி நிறுவனங்கள் டிவி சேவை எட்டச் செய்யும் வீடுகளில் மூன்று வருடத்துக்குள் 25 சதவீதமாவது குறைந்த வருமானக் குடும்பங்களுடையதாக இருக்கவேண்டும் என்று கலிபோர்னியா எழுதி வைத்தது. உங்கள் மசோதாவில் அப்படி ஏதும் உண்டா? இல்லாவிட்டால் வசதியான தெருக்களுக்கு மட்டும் போட்டி வரும். வாடகை அடுக்கு வீடுகளில் இருக்கும் உங்கள் உறுப்பினர்களுக்குப் பில் குறையாது.

சமூக சேனல் என்ன ஆகும்? பொதுமக்கள், பள்ளி, ஊர் நிர்வாகம் ஆகியோருக்குச் சேனல் ஒதுக்கும்படி கேட்க 1984 சட்டம் ஊர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணம் வாங்கவும் அனுமதித்தது. மாநில உரிமம் வந்தால் உடனே சேனல் மூடப்படும் என்று உங்கள் கமிட்டி நண்பர் சொல்வது சரியில்லை. பல மாநிலச் சட்டங்கள் சேனலையும் கட்டணத்தையும் காப்பாற்றியிருக்கின்றன. ஸ்டுடியோ, கேமரா, பணியாளர் ஆகியவற்றுக்கு ஒப்பந்தப்படி வந்த தனிப் பணத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அது போனால் சேனல் பெயருக்கு இருக்கும், உங்கள் குழந்தைகளைப் படம்பிடிக்க ஆள் இருக்காது.

மசோதாவின் கடைசிப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். டிவி உரிமம் பற்றிய மசோதா என்று பெயர் இருக்கும். உள்ளே லேண்ட்லைன் கடமையை நீக்கும் பிரிவு, ஊர் நிர்வாகமே இணைய சேவை நடத்தத் தடை போடும் பிரிவு என்று ஏதாவது சேர்ந்திருக்கலாம். பென்சில்வேனியாவில் 2004ல் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஊர் நிர்வாகம் கட்டணத்துக்கு பிராட்பேண்ட் தர விரும்பினால், முதலில் உள்ளூர் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அது மறுத்தால்தான் ஊர் இறங்கலாம். பிலடெல்பியாவுக்கு மட்டும் விலக்கு. தங்களுக்கு நுழைவுத் தடை கூடாது என்று இத்தனை வருடம் வாதாடிய துறையே, மற்றவருக்குத் தடை கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. போட்டி வேண்டும் என்று உங்கள் சங்கம் எழுதுவதானால் இரண்டு பக்கமும் வேண்டும் என்று எழுதுங்கள்.

வரிவிலக்கு போய்விடுமா?

வரிவிலக்கு பெற்ற அமைப்பு சட்டம் பற்றிப் பேசவே கூடாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தவறு. லாபி சங்க வேலையின் கணிசமான பங்காக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு இருந்தால் கணிசம் என்பது மங்கலாக இருப்பதால், 501 எச் என்ற பிரிவைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. 5768 என்ற சிறிய படிவத்தை வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பினால் போதும். வருடத்தின் நடுவில் அனுப்பினாலும் அந்த வருடம் முழுவதற்கும் செல்லும். அதன்படி, முதல் 5,00,000 டாலர் வரையிலான செலவில் 20 சதவீதம் வரை லாபிக்குச் செலவிடலாம். உங்கள் கணக்கில் அது 16,000 டாலர். அதில் கால் பங்கு, அதாவது 4,000 டாலர் வரைதான், வெளி மக்களைத் தூண்டிவிடும் பிரசாரத்துக்குப் போகலாம். சொந்த உறுப்பினர்களிடம் ‘உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்’ என்று சொல்வது நேரடி லாபிக் கணக்கில் சேரும். தன்னார்வலர்களின் உழைப்புக்குச் சம்பளம் இல்லாததால் அது கணக்கிலேயே வராது. ஒரு கடிதமும் ஒரு மின்னஞ்சலும் இந்த வரம்பின் பக்கத்தில்கூட போகாது. வருடாந்திரப் படிவத்தில் காட்ட வேண்டியதைக் காட்டிவிடுங்கள்.

இப்போது அந்த ஆபத்தான வரிகளுக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருக்கும் வாசகத்தின் கடைசிப் பத்தி, மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு ‘வரும் தேர்தலில் எங்கள் சமூகம் துணை நிற்கும்’ என்கிறது. அதை அனுப்பவே கூடாது. வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் 501 சி 3 அமைப்புக்கு முழுத் தடை. அதற்கு 20 சதவீதம், 5 சதவீதம் என்ற சலுகையே கிடையாது. வரிவிலக்கு போவதானால் இந்த வரியால்தான் போகும், மசோதாவை ஆதரிப்பதால் போகாது.

இரண்டாவது வரி, ‘பதிவு பெற்ற வாக்காளர்களாகிய நாங்கள்’ என்று தொடங்குகிறது. அது உங்களையும் உங்கள் கணவரையும் நேராகப் பாதிக்கக்கூடியது.

கிரீன் கார்டும் எச்1பியும்

குடியுரிமை இல்லாதவர்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பது தவறான எண்ணம். இந்த நாட்டில் வசிக்கும் எவரும் அரசிடம் தன் கருத்தைச் சொல்லலாம். நீங்கள் செயலாளராகக் கையெழுத்துப் போடலாம், உங்கள் கணவர் தன் பெயரில் எழுதலாம், விசாரணைக் கூட்டத்தில் இருவரும் பேசலாம்.

ஆனால் வாக்காளர் என்று சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள். அது குடிமகன் என்று சொல்லிக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் குற்றம். தெரியாமல் போட்ட கையெழுத்தைப் பத்து வருடம் கழித்துக் குடியுரிமை நேர்காணலில் விளக்க வேண்டிய நிலை உங்களுக்கு வர வேண்டாம். ‘இந்த ஊரில் வசிப்பவர்களாகிய நாங்கள்’ என்று மாற்றினால் போதும். இன்னொன்று: எச்1பியில் இருப்பவர் எந்தத் தேர்தல் வேட்பாளருக்கும், மத்தியிலோ மாநிலத்திலோ ஊரிலோ, பணம் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

நன்கொடையும் அண்ணனும்

பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை. நன்கொடை வந்தபோது கூடவே வந்த கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பொங்கல் விழாவுக்கு என்று மட்டும் இருந்தால் விஷயம் முடிந்தது. மசோதாவுக்கு ஆதரவு தருவதாக அதில் ஏதாவது இருந்தாலோ, கடிதம் அனுப்பினால் அடுத்த வருடமும் பணம் வரும் என்று இப்போது யாராவது சொன்னாலோ, கதை மாறிவிடும். லாபி செய்வதற்காகப் பணம் வாங்கும் அமைப்பு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உங்கள் மாநிலச் சட்டம் சொல்லலாம். அப்படி ஒரு பேச்சு வந்தால் எழுத்தில் கேளுங்கள், உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த விதத்திலிருந்தே, அவரை அவமானப்படுத்த உங்களுக்கு மனமில்லை என்று தெரிகிறது. அதற்குத் தேவையும் இல்லை. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். சங்கத்தின் துணைத் தலைவரும்கூட. இரண்டு பொறுப்பும் மோதும் இடத்தில் அவர் அதைக் கமிட்டியிடம் சொல்லிவிட்டு, இந்த ஒரு விஷயத்தில் வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும். பெரும்பாலான சங்க விதிகளில் இது இருக்கும். உங்கள் விதிகளில் இல்லாவிட்டால் இப்போதே சேர்த்துவிடலாம். அவரை முன்கூட்டியே போனில் கூப்பிட்டு, ‘அண்ணா, நாளைக்கு யாரும் உங்களைக் கை நீட்டிக் கேட்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்’ என்று பேசுங்கள். அவர் தன் தரப்பைக் கமிட்டியில் விளக்கட்டும். எதிர்க்கருத்து சொன்ன நண்பரும் விளக்கட்டும். பிறகு அண்ணன் வெளியே போக, மற்றவர்கள் முடிவெடுக்கட்டும். எல்லாம் கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும்.

முடிவு மூன்று விதமாக இருக்கலாம். சங்கத்துக்கு இதில் வேலை இல்லை என்று ஒதுங்குவது ஒன்று. அதில் தவறே இல்லை. உறுப்பினர்களைக் கேட்காமல் ‘எங்கள் 500 குடும்பங்களும் ஆதரிக்கின்றன’ என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். முழு ஆதரவு இரண்டாவது. மூன்றாவது, மசோதாவை இந்தத் திருத்தங்களோடு ஆதரிக்கிறோம் என்று எழுதுவது. உங்கள் இடத்தில் நான் மூன்றாவதையே தேர்ந்தெடுப்பேன். போட்டி வரட்டும், குறைந்த வருமானத் தெருக்களுக்கும் கம்பி போகவேண்டும், சமூக சேனலுக்கான பணம் தொடரவேண்டும், லேண்ட்லைனை நம்பியிருக்கும் முதியவர்களுக்கு மாற்று வழி உறுதியாகும்வரை அந்தக் கடமை நீங்கக் கூடாது. இவை எல்லாவற்றையும் உங்கள் சொந்த வார்த்தையில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கம்பெனி அனுப்பிய வாசகத்தைத் தொடவே வேண்டாம். ஒரே மாதிரி நூறு கடிதம் வந்தால் உறுப்பினரின் உதவியாளர் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்வார். தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளின் நிகழ்ச்சியைச் சொல்லி வரும் கடிதத்தை அவர் படிப்பார்.

மசோதா எந்தக் குழுவின் முன் இருக்கிறது, விசாரணைக் கூட்டம் என்றைக்கு என்பதைச் சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் பார்க்கலாம். எழுத்து மூலமான கருத்துக்குக் கெடு தேதி இருக்கும். பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே முடிந்துவிடும். ஆகவே கமிட்டிக் கூட்டத்தை இந்த வாரமே வையுங்கள். சங்க விதிகளின் பிரதி, நன்கொடைக் கடிதம், மசோதாவின் முழு வாசகம் மூன்றும் மேஜையில் இருக்கட்டும். நான் எழுதியிருப்பது பொதுவான வழிகாட்டல்தான். உங்கள் மாநிலத்தின் லாபிப் பதிவு விதியை மட்டும் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு கடிதத்தை அனுப்புங்கள்.